ரெண்டு தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய் பீடி பற்றவைத்துக்கொள்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் அப்படி எழுந்து போகலாம், எனக்கு அதில் வருத்தம் இல்லை. லாரியில் கிளீனராகத் திரிந்த காலத்தில் சுடுகாட்டுக் கொட்டகையில் எத்தனையோ முறை படுத்திருக்கிறேன், மழைக்கு ஒழுகாத கூரை சில ஊர்களில் அது ஒன்றுதான் இருக்கும். ஒருமுறை சவப்பெட்டிகள் ஏற்றிப்போன வண்டியில் பெட்டியின் மேலேயே படுத்துத் தூங்கினேன், நல்ல சமமான பலகை. எதுவும் வந்து என் காலைப் பிடித்து இழுத்ததில்லை. எட்டாவது வரை படித்தவன், லைசென்ஸ் எடுக்க அது போதும் என்று அதோடு நிறுத்திக்கொண்டவன், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்பக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது.

இன்னொன்று, இந்த மாதிரிக் கதையெல்லாம் நடுராத்திரியில்தான் நடக்கும், சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நடந்தது காலையில், நன்றாக விடிந்த பிறகு, நான் டீ குடித்து முடித்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. குடித்திருந்தாயா என்று கேட்காதீர்கள், டீதான்.

ஊர் ஊராகத் திரிந்தவன் ஒருமுறை தேயிலை மூட்டை ஏற்ற மாஞ்சோலைக்குப் போனேன். வண்டி பழுதாகி மேலேயே சில நாள் நிற்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் ராணியைப் பார்த்தேன், கொழுந்து பறிக்கிறவள். வண்டி சரியாகி மலை இறங்கியபோது நான் அதில் இல்லை. எஸ்டேட்டிலேயே ஃபேக்டரியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அவள் வீட்டாரோடு இருந்தோம். என் வாழ்நாளில் ஒரே இடத்தில் அதிக நாள் இருந்தது அங்கேதான்.

ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேச்சி என்று பெயர், அது ராணி வீட்டுச் சாமியின் பெயர். பெயரில் இருந்த பேச்சு பிள்ளைக்கு வரவில்லை. மூன்று வயது தாண்டியும் அம்மா என்றோ அப்பா என்றோ சொல்லவில்லை. காது நன்றாகக் கேட்கும், சிரிப்பாள், அடம் பிடிப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். அவளுக்கு ஒரே பைத்தியம் பஸ். மலைப்பாதையில் ஊர்ந்து ஏறி வந்து எங்கள் லைனுக்குப் பக்கத்தில்தான் அந்த பஸ் நின்று திரும்பும். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டு தட்டினால் போ, இது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேச்சி எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பும் நேரத்துக்கு ஓடிப்போய் பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையால் டப், டப் என்று இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்பாள். அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே சொல் அதுதான்.

கண்டக்டர் விசில் ஊதினால் டிரைவர் எடுக்க மாட்டார். "நீ ஊதுனா நான் எடுக்க முடியாதுல. எங்க கண்டக்டரம்மா தட்டட்டும்" என்று கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நான்கு வயதில், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. பாதையில் மரம் விழுந்து கிடந்தது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. லைன் வீடுகளுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் புதைத்தோம்.

பிறகு சில வருடங்கள் போய், எஸ்டேட்டை மூடிவிட்டார்கள், மேலே இருந்தவர்கள் எல்லோரும் இறங்க வேண்டி வந்தது, அது நீங்கள் அறிந்த கதைதான். மற்றவர்கள் அழுதார்கள். ராணி அழவில்லை, தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பேச்சியைப் புதைத்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறினோம். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவராகவே எடுத்தார்.

கீழே ஒரு வாடகை அறையில் இருந்தோம். நான்கு சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். எனக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் கல்லிடைக்குறிச்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன். எல்லோரும் அவரைச் சார்வாள் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பழைய டீசல் வேன், முட்டை மாதிரி உருண்டையான முகம், இரண்டு வட்ட விளக்கு, மேலே கூரையை ஒரு முழம் உயர்த்திக் கட்டியிருந்தார். உள்ளே ஆசாரியை வைத்துத் தேக்கில் அலமாரி, மடக்குக் கட்டில், ஒரு அடுப்பு வைக்கிற மேடை, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பார்த்ததுமே எனக்கு மனசு அதில் விழுந்துவிட்டது. இதற்கா நாம் இத்தனை வருடம் லாரி லாரியாக ஏறி இறங்கினோம் என்று தோன்றியது.

சார்வாள் நல்ல மனிதர். விற்கிற ஆள் குறையைச் சொல்ல மாட்டான், அவர் குறையை மட்டும்தான் சொன்னார்.

"வே, இத வாங்குததுக்கு முன்னால உம்ம வீட்டம்மாவ ஒருக்கா உள்ள ஏத்திப் பாரும். இதுல ஒரு ஆளு நிக்கணும்னா இன்னொரு ஆளு படுக்கணும்."

"நீங்க இதுல எங்க வரைக்கும் போனிய சார்வாள்?"

"ராமேஸ்வரம் வரைக்கும்."

"உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

"அவ ரயில்ல திரும்பி வந்துட்டா வே."

பிறகு வண்டியின் இடது பக்கம் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினார். வீட்டுக் கதவு என்றால் அதுதான், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். "கைப்பிடிய சும்மா இழுத்தா வராது. தூக்கிட்டு இழுக்கணும், பைய. இதுக்குப் பூட்டே கெடையாது. இந்தச் சூட்சுமந்தான் பூட்டு, தெரிஞ்சவங்களுக்குத்தான் தொறக்கும்." தூக்கினார், டொக் என்று ஒரு சத்தம் வந்தது, இழுத்தார், திறந்தது.

இப்படிப்பட்ட வண்டியில் குடியிருப்பதைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லது என்னவென்றால், ஆற்றங்கரையில் நிறுத்திக் கதவைத் திறந்தால் ஆறு உங்கள் வீட்டு முற்றம். பிடிக்கவில்லையா, அரை மணி நேரத்தில் வேறு முற்றம். சின்ன வண்டி என்பதால் எந்தச் சந்திலும் நுழையும், எந்த மரத்தடியிலும் நிற்கும். படுத்துக்கொண்டே கை நீட்டினால் அரிசி, தீப்பெட்டி, மாத்திரை எல்லாம் எட்டும். மழை கூரையில் விழும் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. கெட்டது என்னவென்றால், அந்த மழை கூரையோடு நிற்காது, என் பாதத்துக்கு நேர் மேலே ஒழுகும், டம்ளர் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்டி போட்டு மூடியிருக்கும், வெயில் காலத்தில் தொடை வெந்துவிடும். ராணி அதன் மேல் இட்லி மாவை வைத்துவிடுவாள், அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் பொங்கி வழியும். பாகம் ஏதாவது உடைந்தால் கடையில் கிடைக்காது, லேத்தில் கடைந்துதான் போட வேண்டும். மேட்டில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்கள், போகிற போக்கில் "அண்ணாச்சி, தள்ளணுமா?" என்று கேட்பார்கள். குளிக்கப் படித்துறை இருக்கிறது, மற்றதற்குப் பெட்ரோல் பங்க்கும் கட்டணக் கழிப்பிடமும். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒரு பெண்ணுக்கு அது எத்தனை பெரிய பாடு என்று ராணி சொல்லாமலேயே தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டுகளை ஏற்றிக் கடைகளுக்குப் போடும் வேலையை எடுத்திருந்தேன். நான் வேலைக்குப் போனால் வீடும் என்னோடு வேலைக்குப் போய்விடும். ராணி ஒரு குடையும் தூக்குச்சட்டியுமாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், வீடு திரும்பி வரும் வரை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அவள் அக்கா ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவள், "ஏட்டி ராணி, ஒன் வீடு எங்கட்டி?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது தூத்துக்குடிக்குப் போயிருக்கு. சாயங்காலம் வந்துரும்" என்றாளாம் இவள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் சிரிக்கவில்லை. வண்டி எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் மணிமுத்தாறு பக்கம் அதே இடத்துக்கு வந்துவிட வேண்டும், வாய்க்கால் ஓரம், ஒரு புளியமரத்தடி. அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். லைன் வீடுகள் தெரியாது, மேடு தெரியாது, அதெல்லாம் எத்தனையோ வளைவுக்கு அப்பால். மேலே போகவும் முடியாது, செக்போஸ்ட் இருக்கிறது. ஆனாலும் மலை தெரிய வேண்டும். சக்கரம் வைத்த வீட்டை வாங்கினேன், அவள் அதை ஒரே இடத்தில் நட்டுவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது உங்களுக்கு விளங்காது. சார்வாள் செய்த அலமாரி பின்கண்ணாடியை மறைத்துவிட்டது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒன்றும் தெரியாது. ராணி இறங்கி நின்று "வா, வா, வா, ஓல்டேன்" என்று கத்துவாள், ஓல்டேன் என்றால் நிறுத்து. எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது. தகட்டில் தட்டேன், எனக்குக் கேட்குமே என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"என்ன வேணா சொல்லுங்க, செய்யுதேன். தட்ட மட்டும் சொல்லாதிய."

அதன் பிறகு நான் கேட்கவில்லை. எங்கள் வண்டியில் யாரும் தட்டுவதில்லை. அது அப்படியே ஒரு வழக்கமாகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. மழையில் அப்பளம் காயாது, அப்பளம் காயாவிட்டால் எனக்கு ஓட்டம் இல்லை. கடலோரம் புன்னக்காயலில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஐஸ் கொட்டகை வைத்திருக்கிறார், லாரி நாட்களில் பழக்கம். மழைக்காலம் முடியும் வரை வந்து ஐஸ் உடைத்துக் கொடு, வண்டியைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம், கழிப்பிடமும் தண்ணீரும் உண்டு என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் கால் துறுதுறுத்தது. ஆறு இந்த மலையில் தொடங்குகிறது, அங்கே கடலில் முடிகிறது, நடுவில் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, அந்தக் கடைசியையும் பார்த்துவிடலாமே என்றிருந்தது. ராணியிடம் சொன்னேன்.

"அங்கன இருந்து பாத்தா மலை தெரியுமா?" என்றாள்.

"கடல் தெரியும்."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய."

"ஏட்டி, மழை முடியட்டும், திரும்பி வந்துருவோம்."

"நீங்க விட்டுட்டு வந்த ஊரு எதுக்காவது திரும்பிப் போயிருக்கியளா? ஒரு ஊரு சொல்லுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"அவள ஒருக்கா விட்டுட்டு எறங்கியாச்சு. இதுக்கு மேல தூரமா என்னால போவ முடியாது. நீங்க போங்க. நான் அக்கா வீட்டுல இருந்துக்கிடுதேன்."

சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, சண்டை முடிந்துவிடும். அவள் சொன்னது இருவருக்கும் தெரிந்த உண்மை. நான் ஒருமுறை போனால் போனவன். அவள் அக்கா வீட்டில் கால் வைத்தால் அதோடு நாங்கள் இருவரும் தனித்தனிதான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே பாத்திரங்களைப் பிரித்தோம். அவள் எனக்குப் பெரிய சட்டியை வைத்தாள். நான் அதை எடுத்து அவள் பெட்டிக்குள் வைத்தேன். அவள் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை தூறல். மலை முழுக்க மேகம், அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். ராணியின் தகரப்பெட்டியை இறக்கிப் புளியமரத்தடியில் வைத்தேன். டீ குடித்தோம். பிறகு நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன், அவள் பின்னால் நின்று "வா, வா, ஓல்டேன்" என்றாள், வழக்கம்போல. ரோட்டுக்கு வந்து வண்டியைக் கிழக்கே பார்க்க நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் ஈரத்தில் மறுபடி பிடிக்காது.

ராணி முன்பக்கமாகச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்தாள். டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டியிருந்தாள், சூடாக இருந்ததால் முந்தானையைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்து எனக்கு நீட்டினாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் விடவில்லை. நானும் இழுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் எங்கள் நான்கு கையும் அந்தச் சட்டியில் இருந்தன. நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது பின்னால், இடது பக்கம், டப், டப்.

ராணியின் விரல்கள் சட்டியில் இறுகின. என் விரல் மேல்தான் அவள் விரல் இருந்தது, அதனால் எனக்குத் தெரியும்.

கதவுக் கைப்பிடி தளர்ந்து ஆடியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது இரும்புச் சத்தம், இது உள்ளங்கைச் சத்தம், லாரியில் வளர்ந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கிளை முறிந்து விழுந்ததா என்றால் புளியமரத்தைத் தாண்டி வந்துவிட்டோம். சட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிச் சுற்றிப் போனேன். ஒரு பக்கம் வாய்க்கால், நிறையத் தண்ணீர். மறுபக்கம் நடவு முடிந்த வயல், முழங்கால் உயரம்கூட இல்லாத பயிர். ரோடு நீளத்துக்கு ஆள் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு கல்கூட இல்லை.

வண்டியின் இடது பக்கத் தகடு முழுக்கத் தூறல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் துளிகள் இல்லை, துடைத்த மாதிரி இருந்தது. ஒரு சின்னக் கை அகலம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து அந்த இடமும் மற்ற இடம் போல ஆகிவிட்டது.

திரும்பினால், ராணி மரத்தடியில் இருந்த தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறாள். என்னைத் தாண்டிப் போய், கைப்பிடியைத் தூக்கி இழுத்து, பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"அதான் ரைட்டு குடுத்துட்டால்லா. பொறவு ஏன் நிக்கிய? ஏறுங்க."

ஏறினேன். அவள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள், மடியில் சட்டியை வைத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் ஃபோன் செய்தபோது நாங்கள் சேரன்மகாதேவியைத் தாண்டியிருந்தோம். "வீடு கெளம்பிட்டு அத்தான், நானும் அதுக்குள்ளதான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மலை இறங்கிய அன்றைக்கு அழாத அழுகை எல்லாவற்றையும் திருநெல்வேலி வரும் வரை அழுதாள். பிறகு பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பசிக்கிறது என்றாள். ஓரமாக நிறுத்தி ஒரே சட்டியில் இருவரும் புளிச்சோறு சாப்பிட்டோம்.

நான் லேசில் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. அன்று சாயங்காலம் புன்னக்காயலில், ஐஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியைப் போட்டு, ஆறு கடலோடு கலக்கிற இடத்தைப் பார்த்தபடி அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். வழியெல்லாம் யோசித்து ஒரு பாயிண்டைப் பிடித்து வைத்திருந்தேன்.

"ராணி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. அந்தக் கை பட்ட எடத்த நான் பாத்தேன். என் இடுப்புக்கு மேல இருந்துச்சு. பேச்சி பஸ்ல தட்டுனா அது சக்கரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும், என் தொடை உயரம்கூட வராது. அவ அவ்வளவு ஒசரம் கெடையாது ஏட்டி."

ராணி செதில் ஒட்டிய கையைத் தூக்கி நெற்றி மயிரைப் புறங்கையால் ஒதுக்கினாள். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், கணக்குத் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"இப்ப இருப்பா" என்றாள். திரும்ப மீனைக் கழுவினாள்.

நான் எழுந்து போய் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்கப் புன்னக்காயலில் இருந்தோம். பிறகு மணிமுத்தாறுக்குத் திரும்பி வந்தோம், என் வாழ்நாளில் நான் திரும்பிப் போன முதல் இடம் அதுதான். அங்கே இரண்டு நாள் இருப்பதற்குள் ராணி, "கெளம்புவமா?" என்றாள். இப்போதெல்லாம் அவள்தான் என்னைவிடத் துறுதுறுப்பு. கழுகுமலை பார்க்க வேண்டும் என்கிறாள், கன்னியாகுமரி என்கிறாள், எனக்குத்தான் முதுகு வலிக்கிறது. எல்லாத் தடவையும் அந்தச் சத்தம் வராது. ஒரு இடத்தில் மனசு ஒட்டிப்போய்க் கிளம்பும்போது மட்டும் வரும். நானும் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன். வந்தால் ராணி "ரைட்டு" என்பாள். வராவிட்டால் கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறப்பாள்.

இவ்வளவும் எங்கள் இருவருக்குள் இருந்த விஷயம், மனசுதான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம், நானும் சில நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சமீபத்தில் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழ், வாங்குவதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு டிங்கரிங் பட்டறையில் வண்டியை விட்டேன், துருப்பிடித்த இடத்தைத் தட்டி எடுத்து பெயிண்ட் அடிக்க. பட்டறை அண்ணாச்சிக்கு எங்களை முன்பின் தெரியாது. வண்டியைச் சுற்றி வந்தவர் இடது பக்கத்தில் குனிந்து நின்றுவிட்டார்.

"கதவோரமா மட்டும் தகடு உள்ள வாங்கியிருக்கே. சின்னச் சின்னக் குழியா, கீழ இருந்து மேல போவுது, பாத்தீரா? பிள்ளைட்ட ஒரே பக்கமா தட்டாதன்னு சொல்லும்வே."

"எந்தப் பிள்ள அண்ணாச்சி?"

"உம்ம பிள்ளதான், பொறவு எம் பிள்ளையா? சுவத்துல கோடு போட்டு ஒசரம் பாப்பாங்கள்லா, அந்த மாதிரிலா தட்டி வச்சிருக்கு. இந்தா, இது பழசு, துரு ஏறிட்டு. மேல இருக்கது புதுசு, பெயிண்டு இப்பந்தான் விட்டிருக்கு." விரலால் தடவிக்கொண்டே போய், "நல்லாத்தான் வளருது பிள்ள" என்றார்.

ராணி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கீழே இருந்த குழியில் உள்ளங்கையை வைத்தாள், பிறகு அதற்கு மேலே, பிறகு அதற்கும் மேலே. கடைசியில் இருந்தது கதவுக் கைப்பிடிக்கு நேர் பக்கத்தில் இருந்தது. நான் அதுவரை அந்தக் குழிகளைக் கவனித்ததே இல்லை, சத்தியமாக இல்லை.

"தட்டி எடுத்துரவா?" என்று சுத்தியலை எடுத்தார் அண்ணாச்சி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. பெயிண்ட மட்டும் அடிங்க" என்றாள் ராணி.

"குழி தெரியுமே தாயி."

"தெரியட்டும்."

நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பயம் என்றால் எனக்குத் தெரியும், மலைப்பாதையில் பிரேக் போன வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். இது வேறு.

போன வாரம் கல்லிடைக்குறிச்சி படித்துறைப் பக்கம் நிறுத்தியிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். நான் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டியின் வலது பக்கமாக வந்தேன், கதவு இருப்பது இடது பக்கம். ராணி உள்ளே இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. தகட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது, குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுக்கிற குரல்.

"சும்மா இழுத்தா வராது. தூக்கிட்டு இழு. பைய."

என்னிடம் சொல்லவில்லை, எனக்கு அந்தச் சூட்சுமம் தெரியும். இடது பக்கம், வெளியே, டொக் என்று கைப்பிடி தூக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. தூக்கியது போல இருந்தது, இழுக்கத் தெரியாமல் விட்டது போல இருந்தது. வண்டியைச் சுற்றிப் போய்ப் பார்க்க எனக்கு நாலு எட்டு போதும். நான் போகவில்லை. கனத்த கேனைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன், ராணி மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதைக் கேட்டபடி.